ஞாயிற்றுக்கிழமைகளில் உடைந்த எண்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று கேட்டு ராஜாவை ஓட்டாண்டியாக்கிய கதை தெரியுமில்லையா? பலகையில் 64-க்குப் பதில் 67 கட்டங்கள் இருந்தால் மொத்த நெல் 147573952589676412927. அதாவது 2-ஐ 67 முறை பெருக்கி, ஒன்று குறைத்தது.

இது ப்ரைம் நம்பர், தமிழில் பகா எண், என்றார் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, 1644-ல். எப்படி என்று சொல்லவில்லை. துறவி சொன்னால் யார் குறுக்கே பேசுவது? 232 வருஷம் ஓடிவிட்டது.

1876-ல் லூகாஸ் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் 'இது பகா எண் இல்லை' என்றார். சரி, எதனால் வகுபடும்? அது அவருக்குத் தெரியாது! வீட்டுக்குள் திருடன் இருப்பது நிச்சயம், ஆள் யாரென்று தெரியாது என்கிற மாதிரி.

இது எப்படி சாத்தியம்? அவருடைய சோதனையை 1930-ல் லேமர் என்பவர் மெருகேற்றினார். அதைச் சின்ன எண்ணில் பார்க்கலாம். 31 என்பது 2-ஐ 5 முறை பெருக்கி ஒன்று குறைத்தது. 4-ல் ஆரம்பியுங்கள். அதன் வர்க்கத்தில் 2 குறைத்தால் 14. மறுபடி அதே மாதிரி, 194. அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. மறுபடி, 62. இது 31-ஆல் மிச்சமில்லாமல் வகுபடுகிறதா? அப்படியென்றால் 31 பகா எண். (5-ல் இரண்டு குறைய, மூன்று தடவை செய்தால் போதும்.) 67-க்கு இதையே 65 தடவை செய்ய வேண்டும். கடைசியில் பூஜ்யம் வராது. ஏன் என்பதற்கு நிரூபணம் இருக்கிறது. இந்தப் பக்கம் தாங்காது.

திருடனைப் பிடித்தவர் கோல் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கணித சங்கக் கூட்டம். மனுஷர் வாயே திறக்காமல் கரும்பலகையில் அந்த 21 இலக்க எண்ணை எழுதினார். பக்கத்தில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கிக் காட்டினார். இரண்டும் ஒன்றே. பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டார், கைதட்டல் எழுந்தது என்பார்கள். எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்டதற்கு 'மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்' என்றாராம். வீட்டம்மா என்ன சொன்னார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பெருக்குவது சில நிமிஷம், உடைப்பது மூன்று வருஷம். இந்த ஏற்றத்தாழ்வை நம்பித்தான் இன்று இன்டர்நெட்டில் பல பூட்டுகள் இருக்கின்றன. சுமார் 300 இலக்கப் பகா எண்கள் இரண்டைப் பெருக்கி, விடையை ஊருக்கே காட்டலாம். உடைக்கத்தான் ஆளில்லை. கோலின் எண்ணை இன்றைய கம்ப்யூட்டர் கண் இமைக்கும் நேரத்தில் உடைத்துவிடும் என்பது வேறு விஷயம்.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மெர்சென் பகா எண், 2-ஐ 13,62,79,841 முறை பெருக்கி ஒன்று குறைத்தது. அதை உறுதி செய்ததும் லூகாஸ் வழிதான். பூட்டுக்கு உதவாது. உலகமே அறிந்த சாவி யாருக்கு வேண்டும்? மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். பக்கத்துக்கு நாலாயிரம், இதழுக்கு நூறு பக்கம் என்று வெளியிட்டால் இரண்டு வருஷத் தொடர்கதை. க்ளைமாக்ஸை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி இலக்கம் 1.