கடை நம்முடையது, விலாசம் யாருடையது?



சென்ற ஆண்டு ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு, அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வராந்தாவில் அமர்ந்திருந்தேன். புர்கா மொத்த வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் முகம் வாடி வந்தார். "ஹஜ்ரத், என் கடையோட வெப்சைட் நின்னு போச்சு. பெருநாள் சீசன் நேரம். வெளியூர் ஆர்டர் எல்லாம் அதுலதான் வரும்" என்றார்.

விசாரித்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் உள்ளூர் இளைஞர் ஒருவர் பதினைந்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு அந்த இணையதளத்தை அமைத்துக் கொடுத்திருக்கிறார். இணைய விலாசத்தைக் கடைக்காரர் பெயரில் பதியாமல் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருக்கிறார். நம் சகோதரருக்கு அது தெரியாது. கேட்க வேண்டும் என்றும் தெரியாது. இப்போது அறுபதாயிரம் கொடுத்தால்தான் விலாசம் திரும்பக் கிடைக்கும் என்கிறார் அந்த இளைஞர். பை, விசிட்டிங் கார்டு, காலண்டர் எல்லாவற்றிலும் அந்த விலாசம்தான் அச்சாகியிருக்கிறது.

நானே அந்த இளைஞருக்குப் போன் செய்தேன். "என் பேர்ல இருக்கு ஹஜ்ரத், அது என் சொத்துதானே?" என்று கேட்டார். அவரும் கலிமா சொன்னவர்தான். வெள்ளிதோறும் முன்வரிசையில் அமர்பவர்தான். எவ்வளவு பேசியும் பலனில்லை. வியாபாரி வேறு விலாசம் வாங்கி முதலிலிருந்து தொடங்கினார். அந்தப் பெருநாள் வியாபாரம் போனது போனதுதான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒருவர் தொழிலின் அரிச்சுவடியைக் கற்காததால் ஏமாந்தார். இன்னொருவர் தொழிலைக் கற்றார், அமானிதத்தைக் கற்கவில்லை. இரண்டு குறையும் நம் மஹல்லாவில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் மருந்து தேட வேண்டியவர்களும் நாம்தான்.

தவறவிட்ட வண்டிகள்

ஜெர்மனியில் குட்டன்பர்க் அச்சுக்கலையை 1450களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இஸ்தான்புல்லில் இப்ராஹிம் முதஃபர்ரிகா என்ற முஸ்லிமின் அச்சகத்திலிருந்து முதல் துருக்கி நூல் வெளிவந்தது 1729இல். இடையில் ஓடிய ஆண்டுகள் ஏறத்தாழ 270! இதற்குக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. இழப்பு மட்டும் ஒன்றுதான்.

நம் நாட்டிலும் ஆங்கிலம் படிப்பது மார்க்கத்துக்கு விரோதம் என்று பேசியவர்கள் இருந்தார்கள். ஸர் ஸையித் அஹ்மத் கான் 1875இல் அலிகரில் கல்விக்கூடம் தொடங்கியபோது அவர் சந்தித்த எதிர்ப்பு கொஞ்சமா? அந்தக் கல்விக்கூடம்தான் 1920இல் பல்கலைக்கழகமாக உயர்ந்து நம் பிள்ளைகளுக்கு நிழல் தருகிறது. சச்சார் குழு 2006இல் அறிக்கை தந்தபோது, 2001 கணக்கெடுப்பின்படி நாட்டின் எழுத்தறிவு 65.1 விழுக்காடு, முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு என்று நம் நிலையைப் படம் பிடித்துக் காட்டியது. போராடினோம், தமிழகத்தில் 2007இல் 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அரசு தர வேண்டியதைப் போராடிப் பெறும் நாம், யாரிடமும் கேட்காமலேயே கிடைப்பதை ஏன் எடுத்துக்கொள்ளாமல் இருக்கிறோம்?

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. கடல் கடந்து வியாபாரம் செய்தார்கள். தமிழின் ஒலிகளுக்கு அரபியில் எழுத்து போதவில்லை என்றதும் புதிய குறிகளைச் சேர்த்து அரபுத் தமிழ் என்ற எழுத்து முறையையே வளர்த்தெடுத்தார்கள். புதிய கருவியைக் கண்டு பயப்படாதவர்களின் வாரிசுகள் நாம்.

யாரும் பூட்டாத கதவு

இணையத்தின் வரலாற்றில் ஒரு செய்தியை இளைஞர்கள் மனதில் வைக்க வேண்டும். டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989இல் உலகளாவிய வலைக்கான (வெப்) திட்டத்தை எழுதினார். 1993 ஏப்ரல் 30 அன்று அந்த ஆய்வுக்கூடம், இதை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டது. உரிமைத் தொகை கேட்டிருந்தால் உலகமே கப்பம் கட்டியிருக்கும். அதனால்தான் இன்று ஏழை வீட்டுப் பிள்ளையும் இந்தத் தொழிலுக்குள் நுழைய முடிகிறது.

என்ன கற்க வேண்டும்? இளைஞர்களிடம் கேட்டும், நானே உட்கார்ந்து பார்த்தும் அறிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எச்.டி.எம்.எல். இது தலைப்பு, இது பத்தி, இது படம், இது இணைப்பு என்று பக்கத்தின் எலும்புக்கூட்டை எழுதும் முறை. அடுத்தது சி.எஸ்.எஸ். நிறம், எழுத்தின் அளவு, இடைவெளி, எது எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்வது. 1996இல் தரப்படுத்தப்பட்டது. மூன்றாவது ஜாவா ஸ்கிரிப்ட். பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும், தவறான போன் எண்ணை எழுதினால் எப்படி எச்சரிக்க வேண்டும் என்ற வேலைகளுக்கானது. 1995இல் வந்தது. இம்மூன்றும் எழுத விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் சாதாரண நோட்பேட், ஒரு பிரவுசர் போதும். ஃப்ரீ கோட் கேம்ப், மொஸில்லாவின் எம்.டி.என். பாடங்கள் இலவசம். எந்த இணையப் பக்கத்தையும் திறந்து அதன் மூல எழுத்தைப் பார்க்கும் வசதி பிரவுசரிலேயே இருக்கிறது. நல்ல தையல்காரர் அடுத்தவர் தைத்த சட்டையைத் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்ப்பதில்லையா? அதுபோலத்தான்.

இவை கருவிகள். கலை வேறு. வாடிக்கையாளர் பெரும்பாலும் கைப்பேசியில்தான் பார்க்கிறார். எனவே சிறிய திரைக்கு முதலில் வடிவமைத்து, பிறகு பெரிய திரைக்கு வர வேண்டும். கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார்; படத்தின் எடையைக் குறைக்கத் தெரிய வேண்டும். கண்பார்வையற்ற சகோதரருக்குக் கருவி வாசித்துக் காட்டும்படி ஒவ்வொரு படத்துக்கும் எழுத்தில் விளக்கம் வைக்க வேண்டும். வெளிர் சாம்பல் பின்னணியில் வெள்ளை எழுத்தைப் போட்டு வயதானவர்களைச் சிரமப்படுத்தக் கூடாது. தமிழை யூனிகோடில்தான் எழுத வேண்டும். ஒரு காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்து, ஒருவர் எழுதியது மற்றவர் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரிந்த அவதியை மூத்தவர்கள் அறிவார்கள்.

மதரஸா மாணவருக்கு ஒரு வாசல்

ஓதி முடித்த ஆலிம்களுக்கு ஒரு வார்த்தை. அரபி வலமிருந்து இடமாகச் செல்லும் மொழி. அரபி இணையதளம் என்றால் எழுத்து மட்டுமல்ல, பட்டியல், பொத்தான், அம்புக்குறி எல்லாமே திசை மாற வேண்டும். அரபி எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்பவை. அழகுக்காக எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டினால் சேர்க்கை அறுந்து சொல்லே சிதைந்துவிடும். அரபி தெரியாத வடிவமைப்பாளருக்குத் தான் செய்த தவறே கண்ணில் படாது. ஏழாண்டு ஓதிய நம் பிள்ளை பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். வளைகுடாவில் அரபியில் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் எத்தனை? அந்த நாடுகளுக்கு உடல் உழைப்பை மட்டுமே அனுப்பிய நாம், கண்ணுக்கும் கைக்கும் வேலையுள்ள இந்தத் தொழிலை ஊரில் இருந்தபடியே செய்து கொடுக்க முடியாதா? இமாமத் சம்பளத்தில் குடும்பம் நடத்தத் திணறும் இளம் ஆலிமுக்கு இது கண்ணியமான பக்க வருமானம். வீட்டைவிட்டு வெளியூர் போக இயலாத நம் சகோதரிகளுக்கும் அப்படியே.

"இனி எல்லாம் ஏ.ஐ. செய்துவிடுமே?"

இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என்ன வேண்டும் என்று நாலு வரி எழுதினால் ஒரு பக்கத்தை எழுதித் தரும் கருவிகள் வந்துவிட்டன. வெறும் பக்கம் போட்டுக் கொடுப்பதை மட்டுமே கற்றவருக்கு இது நெருக்கடிதான். மறைத்துப் பேசி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

ஆனால் யோசியுங்கள். கருவி எழுதித் தந்தது சரியா தவறா என்று யார் பார்ப்பது? குர்ஆனைச் செல்போனில் கேட்கலாம். அதனால் தஜ்வீத் கற்றவருக்கு வேலையில்லாமல் போனதா? பிழையைக் கண்டுபிடிக்கப் படித்தவர்தான் வேண்டும். மேலும், புர்கா கடைக்காரருக்கு எந்தச் சரக்கு எந்த மாதம் போகும், வாடிக்கையாளர் எதைக் கேட்டுத் தயங்குகிறார், அளவு தவறினால் மாற்றித் தருவது எப்படி என்பதெல்லாம் கடையில் உட்கார்ந்து பார்த்தவருக்கே தெரியும். நம் இளைஞர்கள் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர்கள். வாப்பாவின் கடைக் கல்லாவில் கற்றதை இதோடு சேர்த்தால், அந்தக் கருவியே அவர்களுக்குக் கூலியாளாகும். அடிப்படை தெரியாதவர் அந்தக் கருவிக்குக் கூலியாளாவார்.

வியாபாரிகள் கவனத்துக்கு

நீங்கள் எச்.டி.எம்.எல். கற்க வேண்டாம். இவற்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

இணைய விலாசம் வேறு, தளத்தின் கோப்புகள் இருக்கும் இடத்துக்கு வாடகை வேறு, வடிவமைப்புக் கூலி வேறு. மூன்றுக்கும் தனித்தனி ரசீது கேளுங்கள். விலாசம் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில் பதியப்பட வேண்டும். அது நிரந்தரச் சொத்தல்ல. குறித்த காலத்தில் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியைக் கடை டைரியில் எழுதுங்கள். பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். தளத்தின் நகலை மாதம் ஒருமுறை வாங்கி வையுங்கள். என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு கூலி, திருத்தம் எத்தனை முறை என்பதைக் காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. இதை ஓதும் சமுதாயம் வாய்ப்பேச்சில் வியாபாரம் செய்து நஷ்டப்படலாமா?

இன்னொன்று. பிள்ளைகளிடம் வேலை வாங்கிவிட்டு, "நம்ம பையன்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கூலியை இழுத்தடிப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். வியர்வை உலரும் முன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம், கம்ப்யூட்டர் முன் அமர்ந்தவருக்கு வியர்க்காது என்று விலக்கு அளிக்கவில்லை.

வடிவமைப்பாளரின் தக்வா

கற்கும் இளைஞர்களே! பிறர் எடுத்த படத்தை அனுமதியின்றி எடுத்து ஒட்டாதீர்கள். திருட்டு மென்பொருளில் ஹலாலான சம்பாத்தியம் தேடாதீர்கள். வாங்காத ஆட்கள் பெயரில் பாராட்டு எழுதிப் போடாதீர்கள். வேண்டாம் என்ற பொத்தானை மறைத்து வைத்து, வாடிக்கையாளர் அறியாமல் பணம் பிடிக்கும் வடிவமைப்புக்குக் கை கொடுக்காதீர்கள். வட்டிக்கடைக்கும் சூதாட்டத்துக்கும் தளம் அமைக்க அழைத்தால், ரிஸ்க் அல்லாஹ்விடம் இருக்கிறது என்று மறுத்துவிடுங்கள். முடித்த வேலையின் சாவியை உரியவர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கூலி வாங்குங்கள்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியது

பள்ளிவாசலுக்கு கிரானைட் போடுகிறோம், ஏ.சி. மாட்டுகிறோம். இஷாவுக்குப் பிறகு மாடி அறை பூட்டித்தான் கிடக்கிறது. வசதியுள்ளோர் மாற்றிவிட்டுப் போடும் பழைய லேப்டாப் ஐந்து சேர்த்தால் ஒரு வகுப்பு தயார். ஊரில் ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைகள் வாரம் இரண்டு நாள் ஆளுக்கு ஒரு மணி நேரம் தரட்டும். சகோதரிகளுக்குத் தனி நேரம், தனி வகுப்பு. ஆறு மாத முடிவில் சான்றிதழ் வேண்டாம். மஹல்லாவின் கடை ஒன்றுக்கு ஒழுங்கான தளம் அமைத்துக் காட்டினால் அதுவே சான்றிதழ். பல்லாயிரம் ரூபாய் கட்டணம் வாங்கி "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று போர்டு மாட்டியவர்களிடம் நம் பெற்றோர் தாலியை அடகு வைத்துப் பணம் கட்டுவது இதனால் குறையும்.

எங்கள் மஹல்லாவில் வரும் ஷவ்வால் மாதத்தில் தொடங்க எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். இடம் பள்ளிவாசல் மாடி. முதல் நாள் முதல் பாடம் எச்.டி.எம்.எல். அல்ல, அமானிதம். அதை நான் நடத்துகிறேன். அந்தப் புர்கா வியாபாரி இரண்டு லேப்டாப் தருவதாகச் சொல்லியிருக்கிறார். விலாசத்தைத் தர மறுத்த அந்த இளைஞரையும் அழைத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. வந்தால் அவருக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது.

நம் ஊரில் முடியுமென்றால் உங்கள் ஊரிலும் முடியும். எழுதுகோலைக் கொண்டு கற்பித்த இறைவன் நமக்குப் பயனுள்ள கல்வியையும், அதற்கேற்ற நேர்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.