கேஷுவாலிட்டி டாக்டர் என்ன படித்திருக்கிறார்?

அவசர மருத்துவம் வயதில் சின்னத் துறை. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1970இல்தான் இதற்கான முதல் ரெசிடென்சி தொடங்கியது. தனித்துறை என்ற அங்கீகாரம் அங்கே 1979இல் வந்தது. அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் இதை எம்.டி. படிப்பாக ஏற்றது 2009இல். அதுவரை கேஷுவாலிட்டியில் யாருக்கு டியூட்டியோ அவர்தான் பார்த்தார். பல ஊர்களில் இன்றும் அப்படித்தான்.

இந்தப் படிப்பு இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்து மூன்று ஆண்டு. அமெரிக்காவில் ரெசிடென்சி மூன்று அல்லது நான்கு ஆண்டு. பிரிட்டனில் இரண்டு ஆண்டு அடிப்படைப் பயிற்சிக்குப் பிறகு ஆறு ஆண்டு. இதைப் பார்த்ததும் நம்மூர்ப் படிப்பு அரைகுறை என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் பிரிட்டனின் ஆறு ஆண்டும் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்க்கும் வேலை. மயக்க மருந்து, தீவிர சிகிச்சை என்று சுற்றிவந்து, முடிக்கும்போது கன்சல்டன்ட் ஆகும் தகுதியோடு வெளியே வருகிறார்கள். இங்கே எம்.டி. முடித்தவர் அதன் பிறகு சீனியர் ரெசிடென்டாக உழைக்கும் காலம் படிப்புக் கணக்கில் வருவதில்லை. எங்கே கோடு போடுகிறோம் என்பதில் பாதி வித்தியாசம் போய்விடும்.

மீதிப் பாதிதான் முக்கியம். பாரிஸில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்று 15ஐ அழைத்தால், சேதியைக் கேட்டு முடிவெடுப்பவர் ஒரு டாக்டர். நிலைமை மோசமென்றால் இன்னொரு டாக்டர் வண்டியில் வீட்டுக்கே வருவார், ஈ.சி.ஜி. எடுத்து, மாரடைப்பு என்று தெரிந்தால் அவசரப் பிரிவில் நிறுத்தாமல் நேரே ஆஞ்சியோ அறைக்குக் கொண்டுபோவார். அமெரிக்காவில் வண்டியில் வருபவர் பாராமெடிக். டாக்டர் மருத்துவமனையில் காத்திருப்பார். டாக்டரை நோயாளியிடம் அனுப்பும் நாடும், நோயாளியை டாக்டரிடம் கொண்டுவரும் நாடும் ஒரே பாடத்திட்டம் வைத்திருக்க முடியாது. பிரான்ஸ் இதற்குத் தனியாக நான்கு ஆண்டுப் படிப்பைக் கொண்டுவந்ததே 2017இல். ஜெர்மனியில் இன்னும் வேறொரு துறை நிபுணர் கூடுதல் தகுதியாகத்தான் இதைப் பெறுகிறார்.

நம் 108இலும் டாக்டர் வருவதில்லை, பயிற்சி பெற்ற டெக்னீஷியன்தான். ஆகவே அமெரிக்க முறையே நமக்கு நெருக்கம். குழப்பம் டாக்டரின் பெயர்ப்பலகையில் இருக்கும் பட்டங்களில்தான். எம்.டி.யும் தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி.யும் அங்கீகாரம் பெற்றவை. எம்.ஆர்.சி.இ.எம். லண்டனில் உள்ள அவசர மருத்துவ ராயல் கல்லூரியின் தேர்வு. அதை மட்டும் தேறியவர் பிரிட்டனிலேயே கன்சல்டன்ட் ஆகிவிட மாட்டார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து தனியார் மருத்துவமனைகள் நடத்தும் எம்.இ.எம். இன்னொரு வகை. அதில் கைப்பயிற்சி நன்றாகவே கிடைக்கலாம். ஆனால் தேசிய மருத்துவ ஆணையம் ஏற்ற முதுநிலைப் பட்டம் அல்ல அது. மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கு உதவாது. சேரும் இளம் டாக்டரில் எத்தனை பேருக்கு இது முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்படுகிறது? சேர்க்கை விளம்பரத்தில் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் இதைப் போடச் சொல்லி ஆணையம் உத்தரவிடலாம்.