விளம்பரத்தை முதலில் தடுத்தது யார்?

பூம்பாறையில் எங்கள் தெருவில் நெட் கிடைக்க வேண்டுமானால் மேட்டுக்கு ஏறிப்போக வேண்டும். அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். உதவித்தொகை விண்ணப்பம் பற்றிப் பார்க்கப் போனவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். "வெவரம் நாலே வரிதான் மாமா. அதுக்கு முன்னால ஒரு வீடியோ ஓடுது. மூடுனா இன்னொரு பொட்டி தொறக்குது. இன்னைக்கு நெட்டு அதுலயே தீந்துபோச்சு." அந்த நெட், அவள் அம்மா பூண்டுக் காட்டில் களையெடுத்த கூலியில் போட்ட ரீசார்ஜ்.

அன்றைக்கே அவள் போனில் விளம்பரங்களைத் தடுக்கிற ஆட்-பிளாக்கரைப் போட்டுக் கொடுத்தேன். என் போனில் அது ஏற்கெனவே உண்டு. அதற்குக் காரணம் வேறு.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில், நடுரோட்டில் வெட்டிக் கொல்லப்பட்டார். தலித் இளைஞர் சாதி இந்துப் பெண்ணை மணந்ததுதான் குற்றம். அந்தச் செய்தியை ஒரு பத்திரிகையின் இணையப் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பத்திகளுக்கு நடுவில் ஒரு விளம்பரம். உங்கள் சாதியிலேயே வரன் பார்த்துத் தருகிறோம், பதிவு இலவசம். கொலையும் கொலைக்கான காரணமும் ஒரே பக்கத்தில்! ஒன்று அவர்களுக்குச் செய்தி, இன்னொன்று வருமானம். அன்று போட்டதுதான் அந்தத் தடுப்பு.

இதைத் திண்டுக்கல்லில் ஒரு தோழரிடம் பெருமையாகச் சொன்னேன். நம் மக்கள் பிரச்சினைகளை எழுதுகிற ஒரு சின்ன இணைய இதழைத் தனியாளாக நடத்துகிறவர். அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "தோழர், நீங்க பண்றது திருட்டு. கட்டுரைய மட்டும் படிச்சுக்குவீங்க, விளம்பரத்த மறைச்சுக்குவீங்க. அதுல வர்ற நாலு காசுலதான் நான் எடத்துக்கு வாடகை கட்டுறேன். யார் வயித்துல அடிக்கிறீங்க?"

ஒரு முதலாளி கேட்டிருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். கேட்டது நம்ம ஆள். அதனால் யோசித்தே ஆக வேண்டியிருந்தது.

முதலில் திருட்டு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பேப்பரில் முழுப்பக்கத் துணிக்கடை விளம்பரத்தைப் பார்க்காமல் புரட்டுகிறவனை யாரும் திருடன் என்று சொல்வதில்லை. இணையப் பக்கத்தைத் திறந்தால், அது நம் போனை வைத்தே விளம்பரக் கம்பெனிகளின் கணினிகளைக் கூப்பிடுகிறது. கூப்பிடுகிற செலவு நம்முடையது. கூப்பிட்டதும் நாம் யார், எந்த ஊர், இதுவரை எதையெல்லாம் பார்த்தோம் என்ற விவரம் போகிறது. பக்கம் முழுசாகத் திறப்பதற்குள் நம் கண் ஏலம் போய்விடுகிறது. வடுகபட்டிச் சந்தையில் பூண்டு விற்கும்போது மூட்டைக்குப் பக்கத்திலாவது நாம் நிற்கிறோம். இங்கே மூட்டையே நாம்தான். அந்த அழைப்பைப் போகவிடாமல் நிறுத்துவதுதான் தடுப்பானின் வேலை. அடுத்தவன் வீட்டில் நுழைந்து எதையும் எடுப்பதில்லை, நம் வீட்டுக் கதவைச் சாத்துகிறோம்.

ஜெர்மனியில் ஆக்செல் ஸ்பிரிங்கர் என்ற பெரிய பத்திரிகை நிறுவனம், ஆட்பிளாக் பிளஸ் தடுப்பானை நடத்தும் ஐயோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. 2018 ஏப்ரல் 19 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடுப்பானுக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னது. ஆனால் அந்தத் தடுப்பானும் யோக்கியமல்ல. 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்று ஒரு பட்டியலை 2011இல் ஆரம்பித்தார்கள். பட்டியலில் இருப்பவற்றுக்கு வழி திறந்துவிடுவார்கள். பெரிய நிறுவனங்களாக இருந்தால், அதனால் கிடைக்கிற கூடுதல் வருமானத்தில் 30 சதவீதம் கட்ட வேண்டும். கூகுளும் பணம் கட்டியது. நம்மூர் தரகு கமிஷனேதான்! தரகு வாங்காத யூபிளாக் ஆரிஜின் போன்றவையும் இருக்கின்றன. போடுகிறவர்கள் பார்த்துப் போடுங்கள்.

சரி, திருட்டில்லை. ஆனால் தோழரின் வாடகைக்கு என்ன பதில்?

இங்கேதான் நம் வரலாற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். அப்படி ஒரு இதழ் வருகிறது என்ற அறிவிப்பைக் காசு வாங்கிக்கொண்டு போடக்கூட திலகரின் 'கேசரி' மறுத்தது. விளம்பரத்தை முதலில் தடுத்தது யார் என்று இப்போது சொல்லுங்கள். விளம்பர வருமானம் இல்லாமல் பத்திரிகை பிழைக்காது, அதைத் தரும் வியாபாரிகளோ காங்கிரசோடு ஒட்டியிருப்பவர்கள், தீண்டப்படாதவர்களுக்கு எப்படிப் பத்திரிகை இருக்கும் என்று பின்னாளில் அவரே எழுதினார்.

இன்றைக்கும் கதை பெரிதாக மாறவில்லை. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பிளாய்ட் கொல்லப்பட்டு கறுப்பின மக்கள் தெருவுக்கு வந்தபோது, அந்தச் செய்திகளின் பக்கத்தில் தங்கள் விளம்பரம் வராமலிருக்கப் பல கம்பெனிகள் சொற்பட்டியல் போட்டுத் தடுத்தன. தங்கள் பெயருக்குப் பாதுகாப்பாம்! நாம் தடுத்தால் திருட்டு, அவர்கள் தடுத்தால் பாதுகாப்பு.

தோழரிடம் மெதுவாகக் கேட்டேன்: "உங்க பக்கத்துலயும் அந்தச் சாதி வரன் விளம்பரம் வருதே, பாத்தீங்களா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "அத நான் தேர்ந்தெடுக்கல தோழர். கம்பெனிக்காரனே போடுறான். எடுத்துவிடலாம்னு சொல்றாங்க, ஒண்ண எடுத்தா இன்னொண்ணு வருது" என்றார். சாதி ஒழிப்பு பேசுகிற பக்கத்துக்குச் சாதிக்காரன் வாடகை கட்டுகிறான். அந்தக் காசு தொடருவதற்காக என் அக்கா மகள் தன் நெட்டைச் செலவழித்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? கூடாது என்பதுதான் என் நிலைப்பாடு.

ஆனால் அவர் கேட்டதில் ஒரு நியாயம் மிச்சம் இருக்கிறது. தடுப்பது நம் உரிமை. தடுத்துவிட்டு ஒரு பைசாவும் கொடுக்காமல் படிப்பது ஓசிப் படிப்பு. பெரிய பத்திரிகைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சாகிறது நம்முடைய சின்ன இதழ்தான். கேசரி செய்த வேலையைத்தான் நாமும் செய்தவர்களாவோம்.

1907இல் அயோத்திதாசர் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயராக வைத்தார். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய நம் தொழிலாளர்கள் அதன் வாசகர்களாக இருந்தார்கள். வாரத்துக்கு ஒரு பைசா. அந்தக் கூலியில் அது முடிந்தது.

தோழருக்கு ஒரு வருடத்துக்கான தொகையை அன்றே கொடுத்துவிட்டு வந்தேன். மாணவர்களிடம் பணம் இருக்காது, தெரியும். ஐந்து பேர் சேர்ந்து ஒரு சந்தா கட்டுங்கள். அதுவும் முடியாதவர்கள் நம் இதழ்களின் பக்கத்துக்கு மட்டும் தடுப்பை விலக்கி வையுங்கள். அது நம்முடையது என்று தெரிந்து செய்வது வேறு, எவனோ கண்ணில் திணிப்பதைச் சகித்துக்கொள்வது வேறு.

இதை இரவல் வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிற தோழருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.