குதிரையைக் காட்டி காரை விற்கிறார்கள்

ஷோரூமுக்குள் காலெடுத்து வைத்ததும் டை கட்டிய பையன் முதலில் சொல்வது, 'நூத்தி இருபது பி.எச்.பி. சார்!' நீங்களும் ஏதோ புரிந்த மாதிரி தலையாட்டுவீர்கள். கூட வந்த மச்சான், 'எதிர் ஷோரூம்ல நூறுதான் மாமா' என்பார். தீர்ந்தது. பன்னிரண்டு லட்சத்தை எங்கே கொட்டுவது என்பது அந்த இருபது குதிரையில் முடிவாகிவிட்டது.

அந்த 120 எப்போது கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை, அநேகமாக அவனுக்கும் தெரியாது. கையில் கொடுத்த வழவழ காகிதத்தில், அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் 6,000 ஆர்.பி.எம். என்றோ 5,500 என்றோ இருக்கும். அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு அத்தனை சுற்று சுற்றும்போதுதான் 120 குதிரை. மனசைத் தொட்டுச் சொல்லுங்கள், உங்கள் காரை எத்தனை முறை ஆறாயிரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள்? 'எவ்வளவு கொடுக்குது?' என்று மைலேஜ் விசாரித்தே வளர்ந்த ஜனம் நாம். முள் இரண்டாயிரத்தைத் தாண்டினால் கை தானாக கியருக்குப் போகும். கொஞ்சம் அலறவிட்டால் பின்சீட்டிலிருந்து, 'என்னடா, வண்டியில ஏதோ சத்தம் வருதே' என்று அம்மா கேட்பார். ஆக, காசு கொடுத்து வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை லாயத்தைவிட்டு வெளியே வருவதே இல்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஹார்ஸ்பவர் பிறந்ததே வியாபாரத்துக்காக. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இன்ஜின்களை விற்க வேண்டியிருந்தது. வாங்குகிறவர்களிடம் அதுவரை வேலை செய்தவை குதிரைகள். 'இது எத்தனை குதிரைக்குச் சமம்?' என்ற கேள்விக்கு ஒரு பதில் வேண்டுமே! ஒரு குதிரை ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஒரு அடி தூக்கும் என்று வைத்துக்கொண்டார். மெட்ரிக் கணக்கில், 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்குவது. நாள் முழுக்க இந்த வேகத்தில் உழைக்கச் சொன்னால் சராசரிக் குதிரை படுத்துவிடும். அவர் எண் அன்றைக்கே கொஞ்சம் தாராளம்தான்.

கதையின் மற்ற பாதி டார்க். இருட்டு இல்லை சார், திருப்புவிசை. லாரி டயர் பஞ்சரானால் கிளீனர் என்ன செய்கிறான்? நட்டு அசையாவிட்டால் ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி அதன் நுனியில் ஏறி நிற்கிறான். அவன் எடை கூடவில்லை, கைப்பிடியின் நீளம்தான் கூடியது. நட்டு கழன்றுவிடுகிறது. அந்தத் திருகும் பலத்துக்குப் பெயர் டார்க். அதை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். அந்தப் பலத்தோடு எத்தனை வேகமாகச் சுற்றுகிறது என்பதைப் பெருக்கினால் வருவதுதான் குதிரைசக்தி. நியூட்டன் மீட்டரை ஆர்.பி.எம்.மால் பெருக்கி, ஏறக்குறைய ஏழாயிரத்தால் வகுங்கள். குதிரை வந்துவிடும். இவ்வளவுதான் ரகசியம்.

இப்போது ஒரு கணக்கு. 2010 வாக்கில் மாருதி ஸ்விஃப்டில் இரண்டு ரகம். 1.2 லிட்டர் பெட்ரோல்: 85 குதிரை, 113 நியூட்டன் மீட்டர். 1.3 லிட்டர் டீசல்: 75 குதிரை, 190 நியூட்டன் மீட்டர். மச்சானைக் கேட்டால் பெட்ரோல்தான் பலசாலி என்பார். ஆனால் நீங்கள் ஓட்டுவது இரண்டாயிரம் ஆர்.பி.எம்.மில். டீசல் தன் முழு 190-ஐயும் அங்கேயே கொடுத்துவிடும்: 54 குதிரை. பெட்ரோலின் 113 கிடைப்பது 4,500 சுற்றில். போனால் போகிறது, அதுவும் இரண்டாயிரத்திலேயே முழுசாகக் கிடைக்கிறது என்று தர்மத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் 32 குதிரைதான் தேறும். 85 என்று விற்றார்களே, மற்ற 53 எங்கே?

உடனே, 'அப்போ டார்க்தான் எல்லாம், குதிரை சும்மா' என்று ஒரு கோஷ்டி கிளம்பும். அதுவும் பிசகு. 2,100 சுற்றில் ஐம்பது குதிரை தரும் டிராக்டர் இன்ஜினின் டார்க் 167 நியூட்டன் மீட்டர். ஸ்விஃப்ட் பெட்ரோலைவிட அதிகம். அதற்காக டிராக்டர் அதை ஓவர்டேக் செய்து பார்த்திருக்கிறீர்களா? சக்கரத்துக்குப் போகும் டார்க்கை கியர்பாக்ஸ் எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கித் தரும், வேகத்தை விலையாக வாங்கிக்கொண்டு. குதிரையைப் பெருக்க எந்த கியர்பாக்ஸாலும் முடியாது. உங்கள் கால் மிதிக்கிற அந்த நொடியில், அந்தச் சுற்றில், கையில் எத்தனை குதிரை என்பதுதான் கேள்வி. அதை மட்டும் எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

சொல்லாமல் விடுகிற இன்னொன்று எடை. இதுதான் பெரிய மோசடி என்பேன்.

மாருதி 800-ஐ நினைத்துப் பாருங்கள். 1983-ல் வந்தது, 2014 வரை தயாரித்தார்கள். பிந்தைய மாடலில் 37 குதிரை. அம்பாஸடரின் பழைய 1.5 லிட்டர் டீசலிலும் ஏறக்குறைய அதே 37-தான். ஒன்று சிக்னலில் சிட்டாகப் பறந்தது. இன்னொன்று கல்யாணத்துக்குக் கிளம்பிய பெரியம்மா மாதிரி நிதானமாகப் புறப்பட்டது. மாருதி சுமார் 650 கிலோ. அம்பாஸடர் ஒரு டன்னுக்கு மேல். 1996-ல் லோட்டஸ் எலீஸ் என்றொரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. வெறும் 118 குதிரை. ஆனால் எடை 725 கிலோ வாக்கில். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆறு நொடிகூட வேண்டாம். லோட்டஸை ஆரம்பித்த காலின் சாப்மனின் வழியே அதுதான். குதிரையைச் சேர்ப்பதைவிட எடையைக் கழிப்பார்.

நாம் நேர் எதிர். நான்கு மீட்டருக்குள் அடைத்த மினி எஸ்.யு.வி.க்கள் பல இன்று 1,200 கிலோவைத் தாண்டுகின்றன. இதில் ஒரு பகுதி நியாயமான எடை. கெட்டியான இரும்பு, ஏர்பேக், உயிரைக் காக்கும். அதைக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனால் சன்ரூஃப்? மே மாத வேலூரில் கூரையைத் திறந்து எதைப் பார்க்கப்போகிறீர்கள்? கண்ணாடியும் மோட்டாருமாக அத்தனையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் ஒவ்வொரு சிக்னலிலும் கிளம்ப வேண்டும். போதாததற்கு நாம். ஐந்து பெரியவர்கள், பெட்டிகள், முறுக்கு டின் எல்லாம் சேர்ந்து 400 கிலோ. ஒரு டன் காரின் எடை ஒரே மூச்சில் நாற்பது சதவிகிதம் கூடிவிட்டது. குதிரை அதேதான்.

இந்த வண்டியை இருவழிச் சாலையில் ஓட்டுகிறீர்கள். முன்னால் கரும்பு லாரி. எதிரே தூரத்தில் ஒரு பஸ். 'நூத்தி இருபது பி.எச்.பி.' என்ற நம்பிக்கையில் நான்காவது கியரிலேயே வெளியே எடுத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறீர்கள். முள் 1,600-ல் நிற்கிறது. டர்போ வண்டியாக இருந்தால் டர்போ இன்னும் சரியாக விழிக்கவில்லை. ஏ.சி. ஓடுகிறது. கார் யோசிக்கிறது. பஸ் யோசிக்கவில்லை. இரண்டு கியர் குறைத்திருந்தால் அந்தக் குதிரைகளில் பாதியாவது வந்திருக்கும். அதை டிரைவிங் ஸ்கூலில் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எட்டு போடக் கற்றுக்கொடுத்தார்கள்.

'அதனால்தான் பெரிய வண்டி வாங்கறேன்' என்பீர்கள். 175 குதிரை, இரண்டு டன். கிளம்பும், சந்தேகமில்லை. நிறுத்த வேண்டாமா? அதே வேகத்தில் போகும் ஒரு டன் காரைவிட இரண்டு மடங்கு ஆற்றலை உங்கள் பிரேக் தின்றாக வேண்டும். அது தின்னாததை எதிரே வருகிறவர் வாங்கிக்கொள்கிறார். நாலே குதிரையில் மூன்று மூட்டை வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு வரும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஆசாமி.

சர்க்கார் என்ன செய்கிறது? 2006 பட்ஜெட்டில் சின்ன கார் என்றால் என்ன என்று ஒரு வரையறை வந்தது. நீளம் நான்கு மீட்டருக்குள். இன்ஜின் பெட்ரோலானால் 1,200 சி.சி., டீசலானால் 1,500 சி.சி.க்குள். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யை மாற்றியபோதும் அதே கோடுதான். உள்ளே இருந்தால் 18 சதவிகிதம், வெளியே போனால் 40. டேப் வைத்து அளந்தார்கள், தராசில் நிறுத்தவில்லை. விளைவு, சின்ன இன்ஜினின் தலையில் கனத்த உடம்பு. ஜப்பானில் 1971-லிருந்தே காரின் எடைக்கு வரி. பிரான்ஸ் 2022-ல் 1,800 கிலோவுக்கு மேலே ஒவ்வொரு கிலோவுக்கும் அபராதம் போட ஆரம்பித்து, 2024-ல் எல்லையை 1,600-க்கு இறக்கிவிட்டது. நம் பட்ஜெட் உரையில் காரின் எடை பற்றி ஒரு வரி கேட்க ஆசை.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் இருக்கிற எல்லாரையும், மாமியார் உள்பட, ஏற்றிக்கொள்ளுங்கள். ஏ.சி.யை முழுசாகப் போடுங்கள். பக்கத்தில் இருக்கிற பாலத்து ஏற்றத்தில், மூன்றாவது கியரில், முப்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதித்துப் பாருங்கள். இடமில்லை என்று டை கட்டிய பையன் இறங்கப் பார்ப்பான். விடாதீர்கள். மச்சானை இறக்கிவிட்டு அவனை முன்சீட்டில் உட்காரவையுங்கள். ஏறட்டும், பார்க்கலாம்.