மூப்பின் மீது போடும் பழி

'நாய்க்கு வயதாகிவிட்டது' என்பதைப் போல வசதியான வாக்கியம் நம் வீடுகளில் வேறில்லை. எட்டு வயது நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது. வெளியே போய்ப் பழகிய நாய் கூடத்திலேயே சிறுநீர் கழிக்கிறது. வைத்த சோற்றையெல்லாம் தின்றும் விலா எலும்பு தெரிய மெலிகிறது. சில மாதங்களில் கண்ணில் வெண்மை படர்கிறது. இவ்வளவுக்கும் நாம் வைத்திருக்கும் ஒரே விடை, வயது. மூப்பு இயற்கை, நோயன்று. மேற்சொன்னவையோ நோயின் குறிகள். இயற்கையின் மீது பழியைப் போட்டுவிட்டு நாம் கைகழுவிக்கொள்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

அக்குறிகள் நான்கும் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. கணையம் இன்சுலினைச் சுரக்கத் தவறினால் சர்க்கரை இரத்தத்தில் தேங்கும், சிறுநீரில் வழியும், வழியும்போது நீரையும் இழுத்துச் செல்லும். தாகம் அதனால் வருவது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தும் உடலின் உயிரணுக்கள் பட்டினி கிடக்கும். பசியும் மெலிவும் அதனால் வருபவை. விழியின் வில்லைக்குள் புகும் மிகைச் சர்க்கரை நீரை உறிஞ்சி அதைக் கலங்கச் செய்யும். சர்க்கரை நோய் கண்ட நாய்களுள் பெரும்பாலானவை கண்புரைக்கு ஆளாவது இவ்வாறே. கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களில், பருவம் கழிந்தபின் மிகும் புரோஜெஸ்டிரோன் இன்சுலினின் வேலையைக் கெடுத்து இந்நோய்க்கு வழிவகுப்பதும் உண்டு.

தாகத்தோடு வயிறு தொங்கி, தோல் மெலிந்து, முடி கொட்டுமானால் அட்ரீனல் சுரப்பியின் கார்ட்டிசால் மிகுந்த குஷிங் நோயாக இருக்கலாம். இதில் நம் கைவேலையும் உண்டு. அரிப்பு நிற்கட்டும் என்று மருத்துவரைக் கேளாமல் மாதக்கணக்கில் கொடுக்கும் ஸ்டெராய்டு மாத்திரை அதே நோயை உண்டாக்கும். திடீரென நிறுத்தினாலோ, உறங்கிப்போன அட்ரீனல் விழிக்காமல் உயிருக்கே ஆபத்து நேரும். பூனைக்கு வேறு கதை. பத்து வயதைத் தாண்டிய பூனை அடங்காப் பசியோடு தின்றும் இளைத்தால், 'தின்பது உடம்பில் ஒட்டவில்லை' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது தைராய்டு மிகைச் சுரப்பாக இருக்கலாம் என்பது 1979 முதலே மருத்துவ உலகம் அறிந்த செய்தி. அதற்கு மாத்திரை உண்டு.

இந்த அலட்சியத்தை வெறும் அறியாமை என்று மன்னிக்க இயலாததற்கு ஒரு காரணம் உண்டு. 1889இல் ஜெர்மானிய மருத்துவர்களான மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அதற்குச் சர்க்கரை நோய் வந்தது. அந்நோயின் வேர் கணையத்தில் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. 1921இல் டொரண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் கணையச் சாற்றைச் சோதித்ததும் நாய்களிடத்தேதான். 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. 1923இல் நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் கிடைத்தது. நாய்களுக்கு என்ன கிடைத்தது? அவை விரும்பிப் போய்ப் படுக்கவில்லை. இன்று நம் வீட்டுப் பெரியவர்களை வாழவைக்கும் மருந்து அவற்றின் உடலில் அறியப்பட்டது. அந்த மருந்து குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் வீட்டிலேயே, அதே நோயால் ஒரு நாய் பெயர் சூட்டப்படாமல் சாகிறது.

மறுப்புகள் தெரிந்தவையே. 'மனிதருக்கே மருத்துவம் இல்லாத நாட்டில் நாய்க்கு இன்சுலினா?' என்பார்கள். இதைக் கேட்பவர்கள் அந்த ஏழை மனிதருக்காக வேறெப்போது வாய் திறந்தார்கள் என்று அறிய ஆவல். 'செலவு, அன்றாடம் இருவேளை ஊசி, யாரால் முடியும்?' என்பது இதைவிட நேர்மையான கேள்வி. எல்லோராலும் முடியாது. நோய் இன்னதென்று அறிந்து, மருத்துவரோடு கலந்து, இயலாது என்று ஒருவர் வருந்தி எடுக்கும் முடிவை நான் பழிக்கமாட்டேன். நான் பழிப்பது, அறியவே மறுப்பதை. சிறுநீரிலும் இரத்தத்திலும் சர்க்கரை பார்ப்பது எளிய சோதனை. அதைக்கூடச் செய்யாமல் வயது என்று தீர்ப்பெழுத நமக்கு உரிமையில்லை. வீட்டிலிருக்கும் ஊசியை எடுத்து நாய்க்குப் போடச் சொல்வதாகவும் எவரும் கொள்ளவேண்டாம். எந்த இன்சுலின், எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரே சொல்லவேண்டும். அளவு தவறினால் சர்க்கரை தாழ்ந்து உயிர் போகும்.

'மருந்து' என்னும் குறள் அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். நோயை அறிவதே மருத்துவத்தின் முதற்படி என்று வள்ளுவர் கருத்தை விளக்கி மதிப்பெண்ணும் இடுகிறோம். அந்த முதற்படி மனிதருக்கு மட்டும் என்று அவர் எங்கும் வரம்பு கட்டவில்லை. நாய் தன் நோயைச் சொல்லாது என்பார்கள். மூன்று மாதமாக அது தண்ணீர்ப் பாத்திரத்தின் முன் நின்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நாளைக் காலை அதைச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வயதைப் பற்றி அதன்பிறகு பேசலாம்.