நாலு மணிக்கூர்தானா துபாய்?



நம்ம பக்கத்தில் யாராவது கல்ஃபுக்குக் கிளம்பினால் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "நாலு மணிக்கூர்தானே மக்ளே! கண்ண மூடித் திறக்குததுக்குள்ள போய்ச் சேந்திரலாம்." இது பாதிக் கணக்கு என்பது என் கருத்து.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து துபாய் சுமார் 2,900 கிலோமீட்டர். விமானம் பறப்பது ஏறக்குறைய 4 மணி நேரம். கடிகாரத்தைப் பார்த்தால் இன்னும் குறைவு! இங்கே காலை 10 மணிக்குப் புறப்பட்டால் அங்கே பகல் 12.30-க்கு இறங்கலாம். ஏன் தெரியுமா? நம்ம நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து, துபாய் நேரம் 60 பாகையை வைத்து. 15 பாகைக்கு 1 மணி வீதம் வித்தியாசம் 1½ மணி. திரும்பி வரும்போது கடிகாரம் அதைப் பிடுங்கிக்கொள்ளும். போக 2½, வர 5½. கூட்டி இரண்டால் வகுத்தால் அதே 4 தான்.

இனி வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுவோம். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டி ஏர்போர்ட்டுக்கு சுமார் 70 கி.மீ. காரில் 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 3 மணி நேரம் முன்னாடியே அங்கே நிற்கணும். 4 மணி நேரம் பறக்கணும். இறங்கி, பாஸ்போர்ட் காட்டி, பெட்டி எடுத்து, ரூமுக்குப் போக 2 மணி நேரம். மொத்தம் 11 ஆச்சு!

சரி, 11 மணி நேரமே இருக்கட்டும். சென்னைக்கு ரயிலில் போகவும் ராத்திரி முழுக்க ஆகுது. ஆனால் சென்னையில் வேலை பார்க்கும் எங்க மாமா பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்திருவாங்க. துபாயில் இருக்கும் அப்பா 2 வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவாங்க. தம்பி நடக்கத் தொடங்கினதை அப்பா போனில்தான் பார்த்தாங்க. பயண நேரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், பின்னே ஏன் இப்படி? லீவும் டிக்கெட் காசும்தான் காரணம். எல்லாரும் ஊருக்கு வரும் விடுமுறைக் காலத்தில் டிக்கெட் விலையும் ஏறிவிடும்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, தனியார் கம்பெனியில் ஒரு வருஷம் முடித்தவருக்குச் சம்பளத்தோடு 30 நாள் லீவு உண்டு. ஆனால் கையெழுத்துப் போடும்போது நம்ம ஆட்கள் சம்பளம் எவ்வளவு என்று மட்டும்தான் கேட்கிறார்கள். லீவு எப்போது, ஊருக்கு வர டிக்கெட் யார் காசு என்று கேட்பதே இல்லை.

தோழர்களே! உங்க வீட்டிலிருந்து யாராவது வெளிநாடு போனால், அந்த வேலைப் பேப்பரை டிக்ஷனரி வைத்தாவது படித்து அர்த்தம் சொல்லுங்கள். நாம் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தது இதற்கும் உதவட்டும். "போக எத்தனை மணிக்கூர்?" என்று கேட்டது போதும். "அடுத்து எப்ப வருவீங்க?" என்று முதலில் கேட்போம்.

சிந்திப்பீர்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி