விசாரியாத செய்தி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், மேற்படிப்பைப் பற்றி யோசனை கேட்கப் பெற்றோர் பலர் நம்மிடம் வருவதுண்டு. அவர்களுள் ஒருவர், நிலக்கோட்டைப் பக்கத்தில் பூ வியாபாரம் செய்பவர். தம் மகள் இதழியல் படிக்க ஆசைப்படுகிறாள் என்று சொல்லிக் குறைப்பட்டுக் கொண்டார். “கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவள், சாமி! அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்க மூன்று வருடங்கள் வேண்டுமா?” என்று கேட்டார். அவருக்கு நாம் கூறிய மறுமொழியை நம் வாசகர்களுக்கும் கூற விழைகிறோம்.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்ற செய்தி பீகார் எங்கும் காட்டுத்தீயெனப் பரவிற்று. அதற்குச் சான்றாகக் காணொளிகள் காட்டப்பட்டன. அவை பொய்யெனத் தமிழகக் காவல்துறைத் தலைவர் அறிவித்தார். ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களே இரு பிரிவாகத் தமக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூர்வாசிகளிடையே நடந்த தகராறு. இரண்டும் முன்னரே நிகழ்ந்தவை. அவ்வாண்டு ஹோலிப் பண்டிகை மார்ச் 8ஆம் நாள் வந்தது. பண்டிகைக்காக ஊர் திரும்பியவர்களால் ரயில்கள் நிரம்பியதுங்கூட, உயிருக்கு அஞ்சி ஓடுவதாகத் திரித்துரைக்கப்பட்டது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று.

அந்நாட்களில் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும், வேடசந்தூர்ப் பகுதி நூற்பாலையொன்றில் வேலை செய்யும் ஜார்கண்ட் பெண்கள் இருவர் நம்மிடம் வந்தனர். ஊரிலிருந்து தாயார் அழுதுகொண்டே அழைக்கிறார். வேலையை விட்டுப் போய்விடலாமா என்று கேட்டனர். அவர்கள் அனுப்பும் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. நாம் உடனே விடை சொல்ல இயலாமல் தயங்கினோம். ஏனெனில் அதே காணொளி நம் கைப்பேசிக்கும் வந்திருந்தது. அனுப்பியவர் தீயவரல்லர், நம் பங்கைச் சேர்ந்த நல்ல மனிதர். விசாரியாமல் அனுப்பினார் என்பதே அவர் செய்த பிழை.

இதழியல் மாணவன் முதல் வகுப்பிலேயே கற்கும் ஆறு கேள்விகள் உண்டு: யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. அவற்றையே அன்று நாமும் கையாண்டோம். படத்தில் தெரியும் கடைப் பலகை எந்த ஊருடையது? பேசும் மொழி எது? இதே படம் முன்பு வேறெங்கேனும் வெளிவந்ததா? பிறகு காவல் நிலையத்திலும் ஆலையிலும் விசாரித்தோம். அன்று மாலையே தாயாரிடம் கைப்பேசியில் பேசி உண்மையை எடுத்துரைத்தோம். பெண்கள் இருவரும் வேலையில் தொடர்ந்தனர்.

நல்ல நடை எழுதுவதற்கு வாசிப்பும் பழக்கமும் போதும். ஆனால், பரபரப்பான செய்தி கைக்கு வந்தபின்பும், “இது உறுதியாகும்வரை வெளியிடேன்” என்று சொல்லும் மனவுறுதிக்குத்தான் பயிற்சி வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பையும் கேட்க வேண்டும். தவறு நேர்ந்தால் வெளிப்படையாகத் திருத்தம் வெளியிட வேண்டும். இவையெல்லாம் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகளிலும் இடம்பெற்றுள்ளவை. இரக்கமும் இக்கல்வியின் ஒரு பாடமே. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரையோ, சிறுவர் சிறுமியரின் அடையாளத்தையோ வெளியிடலாகாது என்று சட்டமே தடுக்கிறது. உண்மையாயினும் சொல்லத் தகாதவை உண்டு என்பதைச் செய்தியாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

திருச்சபையும் இதனை உணர்ந்தே இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனி ஆணையொன்று வெளியிட்டு, இத்துறையினருக்குத் தக்க பயிற்சி தரவேண்டுமென வற்புறுத்திற்று. உலக சமூகத் தொடர்பு நாள் 1967 முதல் கொண்டாடப்படுகிறது. அந்நாளுக்கான 2018ஆம் ஆண்டுச் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ் எடுத்துக்கொண்ட பொருளே பொய்ச் செய்திதான். கத்தோலிக்க எழுத்தாளருக்குப் பாதுகாவலர் புனித பிரான்சிஸ் சலேசியார். தம் போதனையைக் கேட்க மக்கள் வராதபோது, அதனைத் தாளில் எழுதி வீட்டுக் கதவுகளின் கீழே செலுத்தியவர் அவர்.

இன்றோ கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பத்திரிகை அதிபரே. பொய்ச்சான்றைத் தடுக்கும் எட்டாம் கட்டளை, நாம் பிறருக்கு அனுப்பும் செய்திக்கும் பொருந்தும். “நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்” என்று சொல்லித் தப்ப இயலாது. இரவு செபம் முடிந்தபின், அன்று நாம் அனுப்பியவற்றுள் விசாரித்தவை எத்தனை என்று குடும்பத்தோடு எண்ணிப் பார்ப்பது நல்ல ஆன்ம சோதனையாகும்.

இவற்றையெல்லாம் கேட்ட பூ வியாபாரி சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின்பு, “பூவைக்கூட விரித்துப் பார்த்துத்தானே விலை சொல்கிறோம், சாமி” என்றார். மகளைப் படிக்க அனுப்பச் சம்மதித்துவிட்டார். உண்மைக்கு ஊழியம் செய்ய முன்வரும் அம்மகளையும், அவளைப்போன்ற இளைஞர் அனைவரையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக!